ஏழு பேர், நாலு மணித்தியாலம்: கரம், லூடோ, தாயம், மொனோபொலி – எதை எந்த ஒழுங்கில் வைப்பது?

கடற்கரைவீதி
வணக்கம். வாற சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் ஏழு பேர் கூடுகிறோம். 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிக்க வேண்டும். ஏழு பேரில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, எழுபது தாண்டிய அம்மம்மா ஒருவர். கையில் உள்ளவை: ஒரு கரம் போட், ஒரு பக்கம் லூடோவும் மறுபக்கம் பாம்பும் ஏணியும் உள்ள மட்டை, லண்டன் தெருப் பெயர்கள் உள்ள மொனோபொலி, ஆறுமுகக் கட்டை ஐந்து. சாப்பாட்டு மேசை நாலடிக்கு இரண்டரை அடி. எல்லாரும் ஒன்றாக விளையாட வேண்டும் என்று விருப்பம். 6 மணிக்கே மொனோபொலியை விரித்தால் சரிவருமா?

கணக்கன்
சரிவராது. காரணம் மொனோபொலி கூடாத விளையாட்டு என்பதல்ல, காத்திருக்கும் நேரம். ஏழு பேர், ஒருவரின் முறைக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால், கட்டையை அடுத்தவரிடம் கொடுத்தவர் மறுபடி அதைத் தொட ஒன்பது நிமிடம் ஆகும். அந்த ஒன்பது நிமிடத்தில் எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். முறை வரும்போது "ஆர் எங்க நிக்கிறது?" என்று திரும்பக் கேட்க வேண்டிவரும், ஒன்றரை நிமிடம் இரண்டரையாகும். பிள்ளை அரை மணித்தியாலத்துக்குள் எழும்பிவிடும்.

ஏழு பேரையும் ஒரே விளையாட்டில் இருத்துவதென்றால் ஒருவரின் முறை இருபது செக்கனுக்குள் முடிய வேண்டும். அப்போது காத்திருப்பது இரண்டு நிமிடம், அது தாங்கும். அதைவிட நீளமான எதுவானாலும் நாலு, மூன்று என்று பிரியுங்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை பின்னேரம் காலி வீதியில் 6 மணி என்று சொன்னால் எல்லாரும் 6 மணிக்கு வந்து சேரமாட்டார்கள். முதல் விளையாட்டு, பிந்தி வருபவர் நடுவில் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். மொனோபொலியில் நாலு சுற்று கழித்துச் சேர்பவருக்கு வாங்க நல்ல தெரு மிஞ்சாது.

கடற்கரைவீதி
நன்றி. இருபது செக்கனுக்குள் முடியும் விளையாட்டு என்றால் பாம்பும் ஏணியுமா?

கணக்கன்
அதில் யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை, கட்டை சொல்வதுதான் நடக்கும். பிள்ளைக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் அலுக்கும். ஒரே ஒரு கட்டையால் விளையாடும் "பன்றி"யைப் பாருங்கள். ஒரு கட்டை, ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.

விதி இது. உங்கள் முறையில் விரும்பிய தடவை கட்டையைப் போடலாம். 2 முதல் 6 வரை விழுந்தால் அந்த முறைக்கணக்கில் சேரும். 1 விழுந்தால் அந்த முறையில் சேர்த்தது முழுதும் போய்விடும், கட்டை அடுத்தவருக்கு. "போதும்" என்று சொல்லி நிறுத்தினால் சேர்த்தது தாளில் ஏறும், பிறகு அது யாராலும் பறிபடாது. முதலில் 100 எடுத்தவர் வெற்றி.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் விளையாட்டு இருக்கிறது. இன்னொரு தடவை போட்டால் 2, 3, 4, 5, 6 விழுந்து கிடைக்கக்கூடியது மொத்தம் 20, அது ஆறில் பங்கு. 1 விழுந்து இழக்கக்கூடியது கையில் உள்ளது, அதுவும் ஆறில் பங்கு. ஆகவே கையில் 20 சேரும் வரை போடலாம், சேர்ந்ததும் நிறுத்துவதே பொதுவான கணக்கு. அப்படி விளையாடினாலும் நூறு முறையில் 62 அளவில் 1 விழுந்து வெறுங்கையாகத்தான் திரும்புவீர்கள். ஒரு முறைக்குச் சராசரி 8 புள்ளிதான். எதிராளி 95இல் நிற்கும்போது 20இல் நிறுத்துவதில் பொருளில்லை, அப்போது துணிந்து போட வேண்டும்.

பிந்தி வருபவர் அப்போது மிகக் குறைந்த புள்ளியில் இருப்பவரின் புள்ளியோடு சேரட்டும். ஏழு பேருக்கு 100 என்பது அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய வரும். கடைசியில் நேரத்தை நிரப்ப வேண்டுமென்றால் 50 வைத்து ஆடலாம்.

வங்கிமேசை
மொனோபொலியை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அது நாலு மணித்தியாலம் இழுபடுவதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கும் விதி அல்ல, வீட்டில் சேர்த்த விதிகள்.

முதலாவது, இலவசத் தரிப்பிடத்தில் காசு சேர்ப்பது. வரியும் தண்டமும் வங்கிக்குப் போக வேண்டிய காசு. அதை மேசை நடுவில் குவித்து யாரோ ஒருவருக்குக் கொடுத்தால், முறிய வேண்டியவர் முறியமாட்டார், விளையாட்டு முடியாது. அந்தக் கட்டத்தில் நின்றால் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஏலத்தை விடுவது. யாராவது ஒரு தெருவில் நின்று வாங்க விரும்பாவிட்டால் அது அப்போதே ஏலத்துக்கு வர வேண்டும். நின்றவரும் கேட்கலாம், விலை எதிலும் தொடங்கலாம். மொத்தம் 28 காணி: 22 தெரு, 4 புகையிரத நிலையம், மின்சாரமும் தண்ணீரும். ஏலம் இருந்தால் இவை கெதியாக விற்றுமுடியும், பண்டமாற்று தொடங்கும். ஏலம் இல்லாவிட்டால் மேலும் பல சுற்று வீணாகப் போகும்.

மூன்றாவது, வீடுகளுக்குத் தட்டுப்பாடு இல்லாதது போல நடப்பது. பெட்டியில் 32 வீடு, 12 ஹோட்டல்தான். வீடு முடிந்தால் முடிந்ததுதான், கடதாசித் துண்டை வீடாக வைக்கக்கூடாது. ஹோட்டலுக்கு மாறாமல் ஒரு தெருவில் நாலு வீட்டோடு நிற்பதே ஒரு உத்தி, மற்றவருக்கு வீடு கிடைக்காமல் செய்யலாம்.

நாலு பேர், எழுபது நிமிடம் என்றால் சுருக்க விதி: தொடக்கத்திலேயே காணி உறுதிகளைக் குலைத்து ஆளுக்கு இரண்டு கொடுங்கள், அதற்கு அச்சடித்த விலையை வங்கிக்குக் கட்டட்டும். ஹோட்டலுக்கு நாலு வீடு அல்ல, மூன்று வீடு போதும். மணி வைத்து, அடித்ததும் நிறுத்துங்கள். எண்ணுவது: கைக்காசு, காணியின் அச்சு விலை, ஈடு வைத்த காணிக்குப் பாதி, வீடுகளுக்கு வாங்கிய விலை. கூடியவர் வெற்றி.

சிவப்புக்காய்
வங்கிமேசை அண்ணை, எந்த நிறத்தைப் பிடிக்கிறது நல்லம் எண்டும் சொல்லிவிடுங்கோ. எல்லாரும் விலை கூடின மேஃபெயரைத்தான் கலைச்சுக்கொண்டு போகினம்.

வங்கிமேசை
செம்மஞ்சள். போ வீதி, மார்ல்பரோ வீதி, வைன் வீதி. சிறைக்கட்டத்திலிருந்து அவை 6, 8, 9 கட்டம் தள்ளி இருக்கின்றன. இரண்டு கட்டை போட்டு 6 விழ 36இல் 5, 8 விழ 5, 9 விழ 4. சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவர் முதல் எறிவில் இந்த மூன்றில் ஒன்றில் நிற்க 36இல் 14 வாய்ப்பு. அட்டையாலும், மூன்று இரட்டையாலும், மூலைக் கட்டத்தாலும் ஆட்கள் சிறைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்தப் பக்கத்தில் நடமாட்டம் கூட.

வாங்கும் விலை 180, 180, 200. ஒரு வீடு 100. போ வீதியில் இரண்டு வீட்டுக்கு வாடகை 200, மூன்றாவது வீடு ஏறியதும் 550. அந்தப் பாய்ச்சலுக்காகவே காசு வரும்போது மூன்று தெருவிலும் மூன்று வீடு வரை கொண்டுபோங்கள். நாலாவது வீட்டுக்கு முன் கையில் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது. இருக்கும் காசு முழுவதையும் மேஃபெயரில் போட்டால் ஆள் வந்து நிற்கும் வரை வங்குரோத்தின் விளிம்பில் இருக்க வேண்டும்.

சோகிக்கட்டை
அம்மம்மா இருக்கும் வீட்டில் ஏன் ஒருவரும் தாயம் என்று சொல்லவில்லை? அவருக்கு விதி சொல்லிக்கொடுக்கத் தேவை வராது, அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். போட் வாங்கவும் தேவையில்லை. சீமெந்துத் தரையென்றால் சோக்கட்டி, பளிங்கு ஓடு பதித்த தரையென்றால் ஒரு பெரிய கடதாசி மட்டையில் மார்க்கர்.

ஏழுக்கு ஏழு கட்டம் கீறுங்கள். வெளிச்சுற்றில் 24 கட்டம், அடுத்ததில் 16, அதற்குள் 8, நடுவில் 1. ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டத்திலும் குறுக்குக் கோடு போடுங்கள், அதில் நிற்கும் காயை வெட்ட முடியாது. மூன்று பேருக்கு நேரம் குறைவு என்றால் ஐந்துக்கு ஐந்து போதும்: 16, 8, 1. காய்க்கு ஆளுக்கு நாலு: புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், சோடா மூடி, நிறம் வேறாகத் தெரிந்தால் சரி.

நீளப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம்: வெறுமை, 1, 2, 3. ஒன்று வெறுமையும் மற்றது 1உம் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். காய் இறங்கத் தாயம் விழ வேண்டும். எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் உள் சுற்றுக்குப் போக முடியாது. நடுவுக்குப் போன காய் பழம்.

பித்தளைக் கட்டைக்கு செட்டியார் தெருப் பக்கம் பூசைப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சோகி (சோழி). ஆனால் சோகியை நாணயம் போல நினைக்க வேண்டாம். வாய் மேலே விழுவதும் முதுகு மேலே விழுவதும் சமன் அல்ல, சோகிக்குச் சோகி மாறும். எல்லாரும் ஒரே சோகிகளால் போட்டால் நியாயம் குலையாது. இடையில் சோகியை மாற்ற வேண்டாம்.

கணக்கன்
அருமை. ஒரு கணக்கு சேர்க்கிறேன். இரண்டு கட்டைக்கும் 16 விதமான விழுகை. தாயத்துக்கு 2, 5க்கு 2, 6க்கு 1, 12க்கு 1, மீதி 2, 3, 4. ஒரே எறிவில் தாயம் எட்டில் ஒன்றுதான். ஆனால் 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்பதால், ஒரு முறை முழுதுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஆறில் ஒன்றாகிறது. லூடோவில் 6 விழும் வாய்ப்பும் அதேதான். காய் இறங்காமல் இருந்து அலுப்பது இரண்டிலும் ஒரே அளவு.

அந்த அலுப்பு சின்னதல்ல. பத்து முறை போட்டும் 6 விழாமல் இருக்க நூறில் 16 வாய்ப்பு. நாலு பேர் விளையாடினால், அதில் ஒருவராவது பத்து முறை சும்மா இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நடந்தால் அந்த மேசை குழம்பும். ஆகவே தொடங்கும்போதே ஆளுக்கு ஒரு காய் வெளியே நிற்கட்டும். அல்லது எல்லாக் காயும் உள்ளே இருப்பவருக்கு ஒரு முறையில் மூன்று எறிவு கொடுங்கள், அப்போது 6 விழ நூறில் 42.

சிவப்புக்காய்
லூடோவில மூண்டு ஆறு விழுந்தா என்ன செய்யிறது எண்டு முதலே கதைச்சுப்போட்டு இருங்கோ. சில வீட்டில முறை மட்டும் போகும், சில வீட்டில அந்த முறையில நகர்த்தின காய் எல்லாம் திரும்பி வரும். 216இல ஒருக்காத்தான் நடக்கும், ஆனா நடந்தா அரை மணித்தியாலச் சண்டை. ஒரே நிறத்தில இரண்டு காய் ஒரு கட்டத்தில நிண்டா மற்றவை தாண்டலாமோ, வெட்டினா இன்னொரு எறிவு உண்டோ, வீட்டுக்குள்ள போக சரியான எண் விழ வேணுமோ எண்டதையும் பேசுங்கோ. இந்த நாலையும் தாளில எழுதி மட்டைக்குப் பக்கத்தில வையுங்கோ.

ஐந்துகட்டை
ஐந்து கட்டை கையில் இருக்கும்போது யாட்சியை மறக்கக்கூடாது. 1956இல் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது, ஆனால் பெட்டி தேவையில்லை, கோடு போட்ட கொப்பித் தாள் போதும். ஒரு முறையில் மூன்று எறிவு வரை. ஒவ்வொரு எறிவுக்குப் பிறகும் விரும்பிய கட்டைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் போடலாம். முடிவில் 13 பெட்டிகளில் ஒன்றை நிரப்ப வேண்டும், ஒரு பெட்டியை ஒருமுறைதான்.

மேல் ஆறு பெட்டி: 1கள், 2கள் என்று 6கள் வரை, விழுந்ததன் கூட்டுத்தொகை. ஆறும் சேர்ந்து 63 அல்லது கூட வந்தால் மேலதிகமாக 35. 63 என்பது ஒவ்வொன்றிலும் மூன்று வைத்தால் வருவது. கீழ் ஏழு: மூன்று ஒன்றுபோல், நாலு ஒன்றுபோல் (இரண்டுக்கும் ஐந்து கட்டையின் கூட்டுத்தொகை), மூன்றும் இரண்டும் 25, நாலு வரிசை 30, ஐந்து வரிசை 40, ஐந்தும் ஒன்றுபோல் 50, எதுவும் போடக்கூடிய பெட்டி ஒன்று.

புதிதாக விளையாடுபவர்கள் செய்யும் பெரிய பிழை, முதல் சுற்றிலேயே ஐந்தும் ஒன்றைத் துரத்துவது. ஒரு முறையில் அது கிடைக்க நூறில் ஐந்துக்கும் குறைவு. மேல் பகுதியில் 35ஐக் குறிவையுங்கள். ஒன்றும் சரிவராத முறைக்கு 1கள் பெட்டியைக் கொடுங்கள், அதில் இழப்பது குறைவு. எதுவும் போடும் பெட்டியைக் கடைசி வரை காப்பாற்றுங்கள்.

ஆனால் ஏழு பேரும் சேர்ந்து வேண்டாம். 13 சுற்று, ஏழு பேர், 91 முறை. முறைக்கு 45 செக்கன் என்றால் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும், ஒவ்வொருவரும் நாலரை நிமிடம் சும்மா. மூன்று பேருக்கு அரை மணித்தியாலம், அது சரியான அளவு.

கடற்கரைவீதி
நல்லது, பிரித்துத்தான் வைக்க வேண்டும் போல. கரம் போட்டைப் பற்றி: போட்டில் பவுடர் கட்டிபட்டு நிற்கிறது, ஒரு மூலைக்குக் காய் தானாக ஓடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

சிவப்புக்காய்
காய் தானா ஓடினா முதல் பார்க்க வேண்டியது மட்டம். போனில மட்டம் பார்க்கிற செயலி இருக்கு. போட்டுக்கு நடுவில வைச்சு, பிறகு நாலு மூலையிலும் வைச்சுப் பாருங்கோ. நாலு இடத்திலயும் ஒரே பக்கச் சரிவு எண்டா மேசைதான் சரிவு, காலுக்குக் கீழ மட்டை மடிச்சு வையுங்கோ. மூலைக்கு மூலை மாறினா பலகை வளைஞ்சிருக்கு. இரண்டடி நேர் மரத்தடி ஒண்டைக் குறுக்கால வைச்சு, கீழால வெளிச்சம் தெரியுதோ எண்டு பார்த்தா விளங்கும்.

வெள்ளவத்தை, தெகிவளை மாதிரிக் கடலோரத்தில ஈரக்காற்றால பலகை வளையிறது வழமை. சுவரில சாய்ச்சு வைச்சா இன்னும் மோசம். கட்டிலுக்குக் கீழ படுக்கையா, கீழயும் மேலயும் கடதாசி போட்டு வையுங்கோ. ஏற்கெனவே வளைஞ்சிருந்தா மேடான பக்கம் மேல வாற மாதிரிச் சமதரையில வைச்சு, நடுவில பாரம் ஏத்தி சில நாள் விடுங்கோ. கொஞ்சம் திரும்பும், முழுதாத் திரும்பாது.

பவுடர் கட்டிபட்டா அதுக்கு மேல புதுப் பவுடர் போடாதேங்கோ, அதுதான் எல்லாரும் விடுற பிழை. காய்ஞ்ச பருத்தித் துணியால முழுக்கத் துடைச்சு எடுக்க வேணும். ஈரத்துணி தொடவே கூடாது. பிறகு அரைத் தேக்கரண்டி போதும், சல்லடையால நடுவில தூவி உள்ளங்கையாலயில்லாமல் துணியாலதான் பரப்புங்கோ. கையில வியர்வை இருக்கும். பவுடர் டப்பாவை இறுக்கி மூடி, அதுக்குள்ள சின்னத் துணிப்பையில வறுத்த அரிசி போட்டு வைச்சா கட்டிபடாது.

குசினிக்காரி
இடையில் ஒன்று. கரம் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம். வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். ரோல்ஸ் சாப்பிடும் கையால் போட்டைத் தொட்டு, திரும்ப ரோல்ஸை எடுப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. கரம் மேசையில் சாப்பாடு வைக்காதீர்கள். விளையாடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பிள்ளையை முதலில் அனுப்புங்கள். முகப் பவுடர், கோதுமை மா என்று மாற்றாகப் போடவும் வேண்டாம். மா ஈரத்தை இழுத்து ஒட்டும், எறும்பும் வரும்.

சிவப்புக்காய்
அக்கா சொல்றது சரி. மற்ற அளவுகள்: ஆடுற பரப்பு 74 சென்ரிமீற்றர், சட்டத்தோட இன்னும் கூட. இரண்டரை அடி மேசையில அகலப்பக்கம் சட்டம் கொஞ்சம் வெளியால நிக்கும், மிச்சமிருக்கிற நீளத்தில ஒண்டையும் வைக்காதேங்கோ, முழங்கை அடிபடும். சாப்பாட்டு மேசை கொஞ்சம் உயரம், போட்டும் ஏறினா இன்னும் உயரும், சின்னப்பிள்ளைக்குக் கை எட்டாது. உயரம் குறைஞ்ச ரீப்போ நல்லம். தரையிலயிருந்து 65 முதல் 70 சென்ரிமீற்றர் வந்தா வசதி. நாலு கதிரையும் ஒரே உயரமா இருக்க வேணும்.

வெளிச்சம் நடுவில மேலயிருந்து வரவேணும். கூரை லைட் ஒரு பக்கம் இருந்தா ஆட்டக்காரரின்ர நிழல் காயில விழும். 9 வாற் எல்.இ.டி. குமிழ் ஒண்டை நீட்டு வயரில தொங்கவிட்டு, கண்ணில படாம மறைப்புப் போடுங்கோ. மின்விசிறி தாள் காசைப் பறக்கவைக்கும். மொனோபொலி மேசையை மற்றப் பக்கம் வையுங்கோ.

9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. போட்டியில சிவப்புக்கு 3 புள்ளி, 25 புள்ளி அல்லது 8 ஆட்டம். 22 எட்டினவருக்குச் சிவப்புப் புள்ளி சேராது. உங்கட பின்னேரத்துக்கு அது நீளம். நாலு பேர் சோடி சோடியா மூண்டு ஆட்டம், இரண்டு வென்றவை எழும்பாம இருக்கலாம். ஸ்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டு நிக்க வேணும், சிவப்பு விழுந்தா அதே அடியில அல்லது அடுத்த அடியில மூடுகாயா தன்ர காய் ஒண்டை விழுத்த வேணும், ஸ்ரைக்கர் பொக்கற்றில விழுந்தா ஒரு காய் திரும்பி நடுவுக்கு. கட்டைவிரலால அடிக்கலாம், சர்வதேச விதியும் அதை அனுமதிக்குது, "தம் அடிக்கேலாது" எண்டு சண்டை வேண்டாம். 2012இல கொழும்பிலேயே உலகப் போட்டி நடந்து இலங்கையின்ர நிஷாந்த பெர்னாண்டோ வென்ற விளையாட்டு இது, சும்மா ஊதித் தள்ளாம நிதானமா ஆடுங்கோ.

கடற்கரைவீதி
இன்னொரு சந்தேகம். ஐந்து கட்டையில் ஒன்று அடிக்கடி 6 விழுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எப்படிச் சோதிப்பது?

ஐந்துகட்டை
முதலில் எதிர்முகங்களைக் கூட்டிப் பாருங்கள்: 1உம் 6உம், 2உம் 5உம், 3உம் 4உம், ஒவ்வொன்றும் 7 வர வேண்டும். மலிவுக் கட்டைகளில் அச்சே பிழையாக, ஒரே எண் இரண்டு முகத்தில் வருவதுண்டு.

பிறகு உப்புத் தண்ணீர். 200 மில்லிலீற்றர் தண்ணீரில் உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரையுங்கள், கட்டை மிதக்கும் வரை. பாரம் குறைந்த பிளாஸ்ரிக் 15 கிராம் அளவிலேயே மிதக்கும். அக்ரிலிக் என்றால் இனிக் கரையாது என்ற நிலை வரை, அதாவது 70 கிராம் அளவு வேண்டும். அதற்கும் மிதக்காவிட்டால் அந்தக் கட்டைக்கு இந்த முறை உதவாது. மிதக்கும் கட்டையை விரலால் சுண்டிச் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழோ பாரப் பிசகோ இருக்கிறது. புள்ளிக் குழிகளில் ஒட்டிய குமிழ்களைத் தட்டி விடாமல் பார்த்தால் பொய்யான முடிவு வரும்.

எண்ணிக்கையாகப் பார்க்க விருப்பமென்றால் 120 தடவை போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் 20 வர வேண்டும். வித்தியாசத்தைத் தன்னால் பெருக்கி ஆறையும் கூட்டுங்கள். உதாரணம் 14, 22, 19, 25, 17, 23: வித்தியாசம் 6, 2, 1, 5, 3, 3, தன்னால் பெருக்கிக் கூட்டினால் 84. இது சாதாரணம். 221ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம், ஆனால் நல்ல கட்டையும் இருபதில் ஒருமுறை தாண்டும். இன்னொரு 120 போட்டும் தாண்டினால் அந்தக் கட்டையை ஒதுக்குங்கள். 6 இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து விழுந்தால் அது மட்டும் சான்றாகாது.

எறிவதிலும் விதி வேண்டும். மேசையால் விழுந்த கட்டை செல்லாது. சாய்ந்து நிற்கும் கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வையுங்கள். நின்றால் செல்லும், சறுக்கினால் மறுபடி போட வேண்டும். பெரிய பிஸ்கற் டின் மூடிக்குள் பழைய துவாய்த் துண்டு விரித்து அதற்குள் போட்டால் கட்டை ஓடாது, பளிங்கு ஓட்டில் விழுந்து கீழ்வீட்டுக்குச் சத்தமும் போகாது.

புதியவர்27
304 விளையாடலாமே? ஒரு சீட்டுக்கட்டு போதும்.

கணக்கன்
நல்ல விளையாட்டுத்தான், ஆனால் ஒன்பது வயதுக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே மேசையில் அதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் போதாது. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்ற ஒழுங்கே மனதில் ஏற நேரம் எடுக்கும். நாலு பேரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்றால் மட்டும். அதற்குத் தனி இழை போடுவோம்.

குசினிக்காரி
சாப்பாடு. எண்ணெய்க் கை பட்ட சீட்டும் தாள்காசும் திரும்பச் சரிவராது. 8 மணிக்கு விளையாட்டை நிறுத்தி, மேசையை ஒதுக்கி, அரை மணித்தியாலம் சாப்பாட்டுக்கே கொடுங்கள். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் அப்போதுதான். ஆளுக்கு மூன்று துண்டு கணக்கு வையுங்கள். விளையாடும்போது கைக்கு ஒட்டாதவை: தோல் நீக்கிய கடலை, மிக்ஸர் என்றால் சின்னக் கோப்பையில் கரண்டியோடு. பிளேன்ரீ, சோடா எதுவானாலும் மேசையில் இல்லாமல் பக்கத்து ஸ்டூலில். போட்டில் ஊற்றுப்பட்டால் தேய்க்காதீர்கள், ரிஷுவை மேலே வைத்து அழுத்தி உறிஞ்ச விடுங்கள். நனைந்த அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, பிறகு தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை யாராவது கூட வந்தால் சோகி, புளியங்கொட்டை, கட்டை எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. கரண்ட் போனால் மெழுகுதிரி வேண்டாம், சார்ஜ் லைட்டை மாலையிலேயே ஏற்றி வையுங்கள்.

கடற்கரைவீதி
எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கிறேன்: 6 முதல் 6.40 வரை பன்றி, எல்லாரும். 6.40 முதல் 8 வரை மொனோபொலி நாலு பேர், தாயம் மூன்று பேர் (அம்மம்மா, பிள்ளை, இன்னொருவர்). 8 மணிக்குச் சாப்பாடு. 8.30 முதல் 9.40 வரை கரம் நாலு பேர், யாட்சி மூன்று பேர். கடைசி இருபது நிமிடம் 50 வைத்துப் பன்றி.

சிவப்புக்காய்
கரத்தையும் மொனோபொலியையும் இடம் மாத்துங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவினாலும் எண்ணெய்ப்பசை கொஞ்சம் நிக்கும், அது ஸ்ரைக்கரில ஏறினா பவுடர் அதில ஒட்டி, போட்டில கோடு கோடா இழுக்கும். பிறகு ஒரு அடியும் நேரா போகாது. கரம் அடிக்கிற சத்தமும் 9 மணிக்குப் பிறகு மேல்வீடு கீழ்வீட்டுக்கு நல்லாக் கேக்கும். 6.40க்கே கரம். நாலு காலுக்கும் கீழ மடிச்ச துவாய் வையுங்கோ, அடி தரைக்கு இறங்காது.

வங்கிமேசை
ஒத்துக்கொள்கிறேன். மொனோபொலி 8.30க்குத் தொடங்கினால் காணி உறுதி குலைப்பதையும் ஆளுக்கு 1500 எண்ணி வைப்பதையும் சாப்பாட்டுக்கு முன்னமே, கை சுத்தமாக இருக்கும்போது செய்துவிடுங்கள். அதற்கு மட்டும் பத்து நிமிடம் போகும். ஒருவர் வங்கியை மட்டும் பார்த்தால் இன்னும் கெதி.

கடற்கரைவீதி
மாற்றிவிட்டேன். தாயத்தில் மூன்று பேர் என்றால் ஐந்துக்கு ஐந்தா, ஏழுக்கு ஏழா?

சோகிக்கட்டை
எண்பது நிமிடம் இருக்கிறது. முதலில் ஐந்துக்கு ஐந்து ஒரு ஆட்டம், பிள்ளைக்கு வெட்டும் பழமும் விளங்கட்டும். பிறகு மட்டையின் மறுபக்கத்தில் ஏழுக்கு ஏழு. இரண்டையும் முதல் நாளே கீறி வையுங்கள், கட்டம் ஒன்று இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அம்மம்மாவுக்குக் கண் தெரிய வேண்டும். குறுக்குக் கட்டங்களைச் சிவப்பு மார்க்கரால் கீறுங்கள். மூன்று பேரின் காய்க்கும் நிறம் மட்டும் வேறாக இல்லாமல் வடிவமும் வேறாக இருக்கட்டும்: ஒருவருக்குப் புளியங்கொட்டை, ஒருவருக்குப் பொத்தான், ஒருவருக்கு மூடி.

குசினிக்காரி
8 மணிக்குக் கரம் முடிந்ததும் பவுடரைத் துடைத்த துணியை யன்னலால் உதறாதீர்கள், கீழ் மாடியின் உடுப்புக் கொடியில் போய் விழும். உள்பக்கமாக மடித்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, தரையை ஈரத்துணியால் ஒருக்கால் துடையுங்கள். பளிங்கு ஓட்டில் அந்தப் பவுடர் கிடந்தால் வழுக்கும், சாப்பாட்டுத் தட்டோடு வருபவர்கள் அந்த வழியால்தான் நடப்பார்கள்.